தென்னையில் காண்டாமிருக வண்டா, சிவப்புக் கூன்வண்டா?

விரிந்த ஓலையில் முக்கோண வெட்டு தெரிந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. ஆனால் அது பழைய காயம். குருத்துக்குள் மடிந்திருந்தபோது கடித்தது, ஓலை விரிந்த பிறகுதான் வெளியே தெரிகிறது. வண்டு இப்போது இருக்கிறதா என்று அறிய மட்டை இடுக்கைப் பாருங்கள். துளையும் அதன் வாயில் ஈரமான நார்ச்சக்கையும் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. நுனி வளைந்த கம்பியால் குத்தி எடுத்துவிடலாம்.

எடுத்ததோடு விடக்கூடாது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் மேலுள்ள மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். கன்றுகளுக்கு நாப்தலின் உருண்டை மூன்றை இடுக்குகளில் வைத்து மணலால் மூடி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றவும். காண்டாமிருக வண்டின் புழு உயிருள்ள மரத்தில் வளர்வதில்லை, எருக்குழியில் வளர்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறி, கால்களோடு சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கினால் பாதி வேலை முடிந்தது.

வளர்ந்த மரத்தை இந்த வண்டு மட்டும் கொல்வது அரிது. அது போட்ட காயத்தின் வாசனைக்கு வருகிற சிவப்புக் கூன்வண்டுதான் கொல்லும். நீண்ட மூக்குள்ள, செம்பழுப்பு வண்டு. காயத்தில் முட்டையிடும், காலில்லாத புழுக்கள் தண்டுக்குள்ளேயே தின்று வளரும். தண்டில் துளை, அதிலிருந்து பழுப்புச் சாறு, காதை வைத்தால் கறுமுறுவென்ற சத்தம், நடுக்குருத்து வாடுவது: இவை அடையாளங்கள். கொண்டை சாய்ந்தபின் வைத்தியம் கிடையாது.

பச்சை மட்டையைத் தண்டையொட்டி வெட்டுவதுதான் பலரும் செய்கிற தப்பு. 120 செ.மீ. விட்டு வெட்டுங்கள், வெட்டுவாயில் முட்டையிட்டாலும் புழு தண்டை எட்டாது. ஏக்கருக்கு, கள் இரண்டரை லிட்டர் (அல்லது கரும்புச் சர்க்கரைப் பாகு இரண்டரை கிலோ), அசிட்டிக் அமிலம் 5 மி.லி., ஈஸ்ட் 5 கிராம், நெடுக்கப் பிளந்த பச்சை மட்டைத் துண்டுகள் 30 ஆகியவற்றை மண்பானைகளில் வைத்தால் வண்டுகள் வந்து விழும். காண்டாமிருக வண்டுக்கோ, 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்த பானை. இனக்கவர்ச்சிப் பொறி (வண்டின் வாசனையை வைத்தே வண்டை இழுக்கும் பொறி) வாங்கினால் இரண்டுக்கும் தனித்தனி வாசனை மருந்து. ஒன்றின் மருந்துக்கு மற்ற வண்டு வராது.

பட்ட மரத்தைத் தோட்டத்தில் கிடத்தாதீர்கள். உள்ளிருக்கும் கூன்வண்டு வெளியேறும், மட்கிய தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பிளந்து எரித்துவிடுங்கள்.