பற்றரியில் இல்லாத பிழை

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் பயிற்சி விமானங்களில் வேலை பழகிய காலம். ஒரு செஸ்னா 172 காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. புரொப்பெல்லர் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். எல்லோரும் 24 வோல்ற் பற்றரியைத்தான் திட்டினோம். கழற்றிச் சோதித்தால், அதற்கு ஒரு குறையும் இல்லை.

“புதுசு வாங்க முதல் எர்த்தைப் பாரும் தம்பி” என்றார் மூத்த அண்ணை. எர்த் என்றால், மின்சாரம் எஞ்சினிலிருந்து விமான உடல் வழியாகப் பற்றரிக்குத் திரும்பும் பாதை. மிக்ஸ்சர் என்ற எரிபொருள் கலவைப் பிடியை முழுதாக இழுத்து எரிபொருளை நிறுத்தி, மல்ரிமீற்றர் வயர்களைப் புரொப்பெல்லர் எட்டாத பக்கமாக எடுத்தோம். ஒரு முனை பற்றரியின் நெகட்டிவில், மற்றது எஞ்சின் உடலில். ஸ்டார்ட்டர் சுழன்றபோது அந்தப் பாதையிலேயே 1.8 வோல்ற் வீணானது! அரை வோல்ற் வீணானாலே அதிகம்.

சரி, பற்றரி நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, எஞ்சினையும் விமான உடலையும் இணைக்கும் பின்னல் பட்டியை எடுத்தேன். மேலே பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தால் அலுமினியம் இப்படித்தான் பூக்கும். பட்டியின் இழைகளிலும் பாதி அறுந்திருந்தது.

தொடும் இடத்தை வெறும் உலோகம் தெரியத் துடைத்து, புதுப் பட்டி போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கி, அப்புறம் துரு தடுக்கும் பூச்சு. மறுபடி அளந்தால் 0.2. லைசன்ஸ் உள்ள பொறியியலாளர் பதிவேட்டில் கையெழுத்து வைத்த பிறகுதான் தேநீர் குடிக்கப் போனோம்.