மெக்கானிக்கல் பட்டமும் படிப்புக் கடனும்: பினாங்கு வீடுகளில் போடும் தப்புக் கணக்குகள்

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடிவு வந்த கையோடு நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "மெக்கானிக்கல் எடு, பாயான் லெப்பாஸ்ல வேலை நிச்சயம், கடனை ரெண்டு மூணு வருஷத்துல அடைச்சிடலாம்." 1972-இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தொழிற்பேட்டை வரிசை இன்று பத்து காவான், கூலிம் வரை நீண்டிருப்பதால், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெரிய தவறில்லை. கடனை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் கணக்கு உதைக்கிறது.

ஆஃபர் லெட்டரில் இருக்கும் தொகையை வைத்துக் கணக்குப் போடுவது முதல் தவறு. மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்று வைப்போம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 330 வெள்ளி போகும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் கழிந்தால் கையில் ஏறத்தாழ 2,650. பட்டர்வொர்த்தில் அம்மா சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு பிறைக்கு மோட்டாரில் வேலைக்குப் போகிற பையனுக்கு இது தாராளம். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னில் வாங்கிய 30,000 வெள்ளிக் கடனை 15 ஆண்டில் கட்டினால் மாதத் தவணை 200 வெள்ளிக்குள்தான் வரும். அவனுக்கு அது உறைக்கவே உறைக்காது. அதே சம்பளத்தில் கோலாலம்பூரில் அறை வாடகை, கார் தவணை, டோல், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்று இருப்பவனுக்கு அந்த 200 வெள்ளியே மாதக் கடைசியில் இடிக்கும். ஆகவே வேலை எந்த ஊரில், தங்குவது யார் வீட்டில் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எனக்கு ரொம்ப எரிச்சலூட்டுகிற தவறு. "என் பிள்ளை கடன்காரனாக வெளியே வரக் கூடாது" என்று அப்பா தன் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டுவார். பாசம் புரிகிறது. ஆனால் பிடிபிடிஎன் வட்டிக்குப் பதிலாக வாங்கும் உஜ்ரா எனும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. அதை முழு அசலுக்கும் 15 ஆண்டு போட்டாலும் 30,000 வெள்ளிக்குக் கூடுதலாகப் போவது 4,500 வெள்ளி. சேமநிதி 2023-க்குக் கொடுத்த லாப ஈவு 5.5 விழுக்காடு, 2024-க்கு 6.3. குறைத்து 5 என்றே வைத்துக்கொண்டாலும், எடுக்காமல் விட்ட 30,000 வெள்ளி 15 ஆண்டில் 62,000-ஐத் தாண்டிவிடும். மலிவான கடனைத் தவிர்க்க அப்பா தன் முதுமைக்கான பணத்தைச் செலவழிக்கிறார். நகையை அடகுக் கடையில் வைப்பது இன்னும் மோசம்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாக் கடனும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். தனியார் கல்லூரிக் கட்டணத்தை பிடிபிடிஎன் பெரும்பாலும் முழுதாக மூடாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தொகையை நிர்ணயிப்பார்கள். மிச்சத்துக்கு பேங்கில் பர்சனல் லோன் எடுக்கும்போது வட்டி வேறு ரகம், தவணையும் உடனே தொடங்கிவிடும். நிபோங் திபாலில் இருக்கும் யுஎஸ்எம் பொறியியல் வளாகத்தில் இடம் கிடைத்தும், "வீட்டுக்குப் பக்கம்", "பெயர் பெரிது" என்று தனியாருக்குப் போகிறவர்கள் அந்த வித்தியாசத்தை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

பட்டத்தின் பெயரை முழுதாகப் படிக்காமல் சேர்வதும் உண்டு. "மெக்கானிக்கல் இன்ஜினியரிங்" வேறு, "மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி" வேறு. முதலாவது வாஷிங்டன் ஒப்பந்த வரிசை; பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. மலேசியா 2009-இல் அதில் முழு உறுப்பினரானது. இரண்டாவது, பொறியியல் தொழில்நுட்பப் பட்டங்களுக்கான சிட்னி ஒப்பந்த வரிசை. பொறியாளர் வாரியத்தில் 'பட்டதாரிப் பொறியாளர்' என்று பதிந்து, பிறகு பெயருக்கு முன் 'இர்' என்ற தொழில்முறைப் பொறியாளர் பட்டம் போட்டுக்கொள்ளும் பாதை முதலாவதற்குத்தான் நேராக இருக்கிறது. டெக்னாலஜி படிப்பு மட்டம் என்று சொல்லவில்லை, ஃபேக்டரியில் அவர்களுக்கும் நல்ல தேவை இருக்கிறது. எதற்குக் கடன் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே. அங்கீகாரப் பட்டியல் வாரியத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள்.

பக்கத்து வீட்டு டெக்னீஷியன் ஷிப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் சேர்த்து முதல் வருடத்தில் இன்ஜினியரைவிட அதிகமாக வாங்குவான். அதைப் பார்த்துப் பட்டமே வீண் என்று முடிவுகட்ட வேண்டாம்; ஐந்தாறு வருடம் தள்ளி ஒப்பிடுங்கள். இடையில் ஒரு தகவல்: மாதம் 4,000 வெள்ளி வரை வாங்குகிறவருக்கு, 'எக்ஸிகியூட்டிவ்' என்று பெயர் போட்டிருந்தாலும், 1955 வேலைச் சட்டப்படி ஓவர்டைம் உரிமை உண்டு. 2023-இல் வந்த மாற்றம் அது. நிறையப் பேர் கேட்பதே இல்லை.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தால் கடன் தள்ளுபடி" என்று முதல் செமஸ்டரிலேயே நம்பிப் பெரிய கடன் வாங்குவதும் ஆபத்து. சலுகை உண்டு, அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறியிருக்கின்றன. மெக்கானிக்கலில் தெர்மோடைனமிக்ஸும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் சிஜிபிஏ எனும் மொத்தப் புள்ளிச் சராசரியை என்ன செய்யும் என்பதைச் சீனியர்களிடம் கேளுங்கள்.

வேலை கிடைத்ததும் தவணையைச் சம்பளப் பிடித்தத்தில் போட்டுவிடுங்கள். பிடிபிடிஎன் பாக்கி, கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையில் ஏறும். வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது பேங்க் அதைத்தான் முதலில் திறக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட மாமாவுக்கும் கடிதம் போகும்.