அமெரிக்காவுக்குப் போன நார்வேக் குடியேறிகள் வரலாற்றில் ஆய்வு செய்யப் போகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

ஸ்காண்டிநேவிய வரலாறு என்றதும் பலருக்கு அந்தக் காலக் கடலோடிகளான வைக்கிங்குகள் மேல் ஆசை வந்துவிடும். 1898இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் கென்சிங்டனில், கொலம்பஸுக்கு முன்பே ஸ்காண்டிநேவியர்கள் அங்கே வந்ததாகச் சொல்லும் ஒரு கல் கிடைத்தது. ரூன் என்ற பழைய ஸ்காண்டிநேவிய எழுத்தில் இருந்த அந்தக் கல்லைப் போலி என்று மொழியறிஞர்கள் ஒதுக்கிவிட்டார்கள். நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லை விடுங்கள். குடியேறிகள் அதை நம்ப ஏன் அவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்பதுதான் ஆய்வுக்கு உரிய கேள்வி.

அடுத்தது மொழி. ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வகுப்பில் படித்த இன்றைய நார்வேஜியனும் போதாது. 19ஆம் நூற்றாண்டுக் கடித மொழி டேனிஷை ஒட்டியது. 'இப்போது' என்பதற்கு இன்று 'நோ', அன்று 'நு'. கையெழுத்தோ கோதிக் பாணி. அதில் 'e' எழுத்து அப்படியே 'n' போல இருக்கும்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். லார்ஸின் மகன் ஊலெ என்றால் ஊலெ லார்சன். ஹாவ்கென் பண்ணையில் இருக்கும்வரை ஊலெ லார்சன் ஹாவ்கென். பக்கெ பண்ணைக்குக் குடிபோனால் ஊலெ லார்சன் பக்கெ. பண்ணைப் பெயர் முகவரி மாதிரி. அவர் மகள் ஊல்ஸ்டாட்டர். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இது எளிதில் பிடிபடும். அமெரிக்கா போனதும் அண்ணன் 'லார்சன்' என்றும் தம்பி 'ஹாவ்கென்' என்றும் நிலைத்துவிடலாம். நார்வேயிலேயே நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது 1923ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆகவே பெயர் ஒத்துப்போகிறதே என்று இரண்டு பேரை ஒருவராக்கிவிடாதீர்கள். பிறந்த தேதி, பங்கு (அதாவது அவர் சேர்ந்த தேவாலய வட்டாரம்), பண்ணை மூன்றும் பொருந்த வேண்டும். பங்குப் பதிவேடுகளை நார்வே ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவெட் தளத்தில் இலவசமாகவே புரட்டலாம்.

நியூயார்க் துறைமுகப் பட்டியலில் ஆளைக் காணோமா? 1850, 60களில் நார்வேக் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் கியூபெக்குக்குத்தான் போயின. அங்கே தேடுங்கள்.

1825இல் ஸ்டாவாங்கரிலிருந்து 52 பேருடன் கிளம்பிய 'ரெஸ்டவுராஷன்' கப்பலில் குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தார்கள். அதை வைத்து எல்லோரும் மதத்துக்காகவே போனார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். பின்னால் லட்சக்கணக்கில் போனவர்களைத் துரத்தியது நிலப் பற்றாக்குறை. நார்வேயில் உழக்கூடிய நிலம் சுமார் 3 சதவீதம்தான்.

போன இடத்து நிலத்தைக் 'காலி நிலம்' என்று எழுதுவது இதைவிடப் பெரிய தவறு. குடியேறுபவர்களுக்கு 160 ஏக்கர் தரும் அமெரிக்காவின் ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது 1862இல். மினசோட்டாவில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுடன் போர் நடந்ததும் அதே ஆண்டில்தான். குடியேறிகளின் கடிதங்களை மட்டும் படித்தால் அந்த மக்களின் தரப்பு கிடைக்காது. அந்தக் கடிதங்களும் ஊரில் கைமாறிப் பலர் படித்தவை. தோல்வியைச் சொல்ல எழுதுபவருக்குக் கூச்சம் இருந்திருக்கும்.

சரி, வேலை? மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் 1925 முதல் இயங்கும் நார்வே-அமெரிக்க வரலாற்றுச் சங்கம், அயோவா மாநிலத்து டெக்கோராவில் வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகம் என்று இந்தத் துறை ரொம்பச் சின்னது. இந்த ஒரு தலைப்புக்கென்றே பேராசிரியர் பணி அமைவது அபூர்வம். அமெரிக்கக் குடியேற்ற வரலாறோ நார்வேஜியன் மொழியோ கற்பிக்கவும் தெரிந்திருந்தால்தான் விண்ணப்பிக்க நாலு இடம் இருக்கும்.