சிங்கப்பூரைக் கேமராவோடு நடந்து பார்க்க: புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலோர் எடுப்பது இரண்டே படம். மெர்லயன் சிலை முன்னால் ஒன்று, லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் ஒன்று. வீட்டுக்கு அனுப்ப அவை போதும். வந்த ஊரைத் தெரிந்துகொள்ளப் போதாது. படம் எடுக்கப் போகிறவர் ஒரே சுவரைப் பத்து நிமிடம் பார்ப்பார், அதனால் பலகையையும் படிப்பார். வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்களுக்கு இந்த ஊர் பழகுவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. கையில் இருக்கும் போன் போதும், புதுக் கேமரா வாங்க வேண்டியதில்லை.

கடிகாரத்தை முதலில் பழகுங்கள்

ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து கிளம்பினால் இங்கே ஒரு மணி நேரம் இருட்டில் நிற்க வேண்டியிருக்கும். ஆண்டு முழுக்கச் சூரியன் காலை 6.45-க்கும் 7.15-க்கும் இடையில்தான் உதிக்கிறது, மாலை 6.50-க்கும் 7.20-க்கும் இடையில் மறைகிறது. உச்சிவெயில் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1 மணிக்கு. ஊர் இருக்கும் தீர்க்கரேகைப்படி வரவேண்டிய நேரத்தைவிடக் கடிகாரம் சுமார் ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதுதான் காரணம்.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் சூரியன் நேராக ஏறி நேராக இறங்குகிறது. காலையில் 9.30 வரை வெளிச்சம் முகத்துக்கும் சிற்பத்துக்கும் இதமாக இருக்கும். 11 முதல் 3.30 வரை தலைக்கு மேலே நின்று அடிக்கும். ஆட்களைப் படம் எடுத்தால் கண்குழி கறுத்துப்போகும். அந்த நேரத்தில் அஞ்சடியில் நடங்கள். பழைய கடைவீடுகளின் முன்னால், கூரைக்குக் கீழே ஐந்தடி அகலத்தில் நீண்டு போகும் நடைபாதையைத்தான் இங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். தெருவில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே மென்மையாக வந்து விழும். தரையில் பதித்த பழைய பூவோடுகள், மரக்கதவு, இரும்புக் கிராதி எல்லாம் நடுப்பகலிலும் நன்றாக வரும்.

மாலையில் வானம் நீலமாக நிற்பது இருபது நிமிடம்தான். சூரியன் மறைந்து பத்து நிமிடத்தில் தொடங்கி அரைமணிக்குள் முடிந்துவிடும். 7 மணிக்கே இடத்தைப் பிடித்து நிற்பவருக்குத்தான் அது கிடைக்கும்.

லென்ஸில் படியும் பனி

புதிதாக வருபவர்களின் படங்கள் புகைமூட்டமாக இருப்பதற்கு இதுதான் முதல் காரணம். இங்கே காற்றில் ஈரம் அதிகம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படிந்துவிடும். ஏசி அறையிலோ எம்ஆர்டி ரயிலிலோ குளிர்ந்த லென்ஸ், வெளியே வந்த நொடியில் மூடுபனி போட்டுக்கொள்ளும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, வெளியே வந்தபின் 20 முதல் 30 நிமிடம் பையோடு வைத்திருங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில்தான் படியும். போனுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம், சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். பனி படிந்திருக்கும்போது லென்ஸைக் கழற்றவே கூடாது. ஈரக்காற்று உள்ளே போய்விடும்.

முதல் நடை: தெலுக் ஆயர் ஸ்திரீட்

எங்கே தொடங்குவது என்று கேட்டால் எங்கள் பதில் இந்தத் தெருதான், மரீனா பே அல்ல. டவுன்டவுன் பாதையில் தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்குங்கள். இன்று இருபுறமும் கட்டடம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இது கடற்கரை. மலாயில் தெலுக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் நீர். கப்பலில் வந்து இறங்கியவர்கள், உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லக் கரையோரத்திலேயே வழிபாட்டிடம் கட்டினார்கள். பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் கரை தள்ளிப் போய்விட்டது.

தெருவில் தென்மேற்காக நடந்தால் முதலில் வருவது நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1828–1830-இல் கட்டியது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. எதிர்ப்புற நடைபாதையில் நின்று மேலிருந்து கீழாக ஒரு முறை கண்ணால் படியுங்கள். மூலைகளில் அடுக்கடுக்காக ஏறும் சிறு மினார்கள், நடுவில் துளையிட்ட பூவேலைச் சாளரங்கள், கீழே ஐரோப்பிய மாதிரித் தூண்கள். இரண்டு மடங்கு ஜூம் வைத்து, மேல்பாதியை மட்டும் படச்சட்டத்தில் அடைத்து எடுத்தால் அந்தக் கலப்பு அப்படியே வரும். முழுக் கட்டடத்தையும் அகல லென்ஸில் அடைக்கப் பார்த்தால், போனை மேல்நோக்கிச் சாய்ப்பீர்கள். மினார்கள் பின்னால் விழுவதுபோல் ஆகிவிடும். போனை நேராகப் பிடித்து, கீழே வரும் தார்ச்சாலையைப் பிறகு வெட்டிவிடுவதே சரி.

சில அடிகள் தள்ளி தியன் ஹோக் கெங். கடலோடிகளைக் காக்கும் மாசூ (Mazu) என்ற தெய்வத்துக்கு ஹொக்கியன் சீனர்கள் 1839–1842-இல் எழுப்பிய கோயில். அதையும் தாண்டினால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் அது ஓலைக் குடிசையாக இருந்ததால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். குச்சு என்ற நம் சொல்லை இந்தத் தெருவின் வரலாற்றில் இன்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். செங்கல் கட்டடமானது 1850-களில்.

மூன்று கட்டடங்களும் பழைய கடலைப் பார்த்து, அதாவது தென்கிழக்கு நோக்கி நிற்கின்றன. ஆகவே காலை வெயில் முகப்பில் விழும். ஆனால் எதிர்ப்பக்கம் நிதி வட்டாரத்தின் உயர்ந்த கட்டடங்கள் தாழ்வான வெயிலை மறைத்துவிடும் என்பதால் 8 மணிக்குப் போய்ப் பயனில்லை; 9-லிருந்து 10-க்குள் போங்கள். வார நாளில் அலுவலகக் கூட்டம். சனி, ஞாயிறு காலையில் தெரு காலியாக இருக்கும்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் ரோடு. ஸ்ரீ மாரியம்மன் கோயிலை 1827-இல் தொடங்கியவர் நாராயண பிள்ளை. இப்போதுள்ள கோபுரம் 1925-இல் எழுந்தது; 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் கிழக்கு நோக்கியது, எனவே இதுவும் காலை வேலை. மதிலின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பசுக்களைத் தவறவிடாதீர்கள். கோபுரத்தைவிட அவை நல்ல படம் தரும், பின்னால் வானுயர்ந்த கட்டடங்கள் மங்கலாக நிற்கும். கோயிலின் ஒரு பக்கம் பகோடா ஸ்திரீட், மறுபக்கம் டெம்பிள் ஸ்திரீட். அந்தப் பகோடா நம் கோபுரம்தான். அதே சாலையில் சற்று வடக்கே சூலியாக்களின் ஜாமிஆ பள்ளிவாசல். அதை ஒட்டிய தெரு மாஸ்க் ஸ்திரீட். சைனாடவுனின் நடுவில் தமிழர்கள் எழுப்பிய இரண்டு இறையிடங்கள் மூன்று தெருக்களுக்குப் பெயர் தந்திருக்கின்றன. பெயர்ப்பலகையும் கட்டடமும் ஒரே சட்டத்தில் வரும்படி மூன்று படம் எடுத்தால், விளக்கமே வேண்டாத ஒரு தொகுப்பு கிடைக்கும்.

கருவறையை எடுக்காதீர்கள். வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள். சந்தேகமிருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள், தமிழிலேயே பதில் வரும். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

இன்னொரு நாள் கம்போங் கிளாம் வட்டாரத்துக்குப் போங்கள். அங்குள்ள சுல்தான் பள்ளிவாசலை எல்லோரும் பஸோரா ஸ்திரீட்டிலிருந்து, ஈச்சை மாதிரி மரங்களுக்கு நடுவே எடுப்பார்கள். அதையும் எடுங்கள். பிறகு பொற்குவிமாடத்தின் அடியை முழு ஜூமில் பாருங்கள். கறுத்த பட்டைபோல் தெரிவது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகம். 1932-இல் கட்டி முடித்தபோது, பெரிய தொகை தர முடியாத ஏழைகளும் பங்களிக்கட்டும் என்று அவர்களிடம் புட்டிகள் வாங்கிப் பதித்தார்கள். அந்த வளையத்தை மட்டும் எடுத்த படம், முழுக் குவிமாடத்தைக் காட்டும் நூறு படங்களைவிட அதிகம் சொல்லும்.

தேக்கா

இங்கே கட்டடங்களைவிட ஆட்கள். காலை 8 மணிக்குத் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வெட்டும் மேசைகள், பஃபலோ ரோட்டில் காய்கறிக் கூடைகள், பூக்கடைகளில் மாலை கட்டும் கைகள். மொழி தெரிந்தவர் என்பது உங்களுக்குப் பெரிய வசதி. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டு, ஒரு முழம் பூ வாங்கிவிட்டு எடுங்கள். முகம் வேண்டாம் என்றால் கையை மட்டும் எடுக்கலாம். கெர்பாவ் ரோட்டில், 1900-இல் கட்டிய டான் தெங் நியா வீட்டின் வண்ணக் கதவுகள் எந்நேரமும் வரிசைதான். காலையில் சீக்கிரம் போனால் ஆள் இருக்காது. ஞாயிறு மாலையில் வெளிநாட்டு ஊழியர்கள் நண்பர்களோடு புல்தரையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார்கள். அது அவர்களுடைய ஒரே ஓய்வு நேரம். கேட்காமல் எடுப்பது தவறு.

தீபாவளி விளக்கலங்காரத்துக்குச் சிராங்கூன் ரோட்டில் நிற்கும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும், அல்லது விளக்குகளில் பாதி அணைந்தே வரும். எல்இடி விளக்குகள் துடிப்பதுதான் காரணம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள். மௌன (எலக்ட்ரானிக்) ஷட்டரை அணையுங்கள். நடுச்சாலையில் நிற்க வேண்டாம், பாதசாரிக் கடவையில் பச்சை விழும் நேரத்துக்குள் எடுத்து முடியுங்கள்.

மரீனா பே: ஒரே மாலையில்

7 மணிக்கு மெர்லயன் பூங்கா. எதிரே கிழக்கில் மரீனா பே சேண்ட்ஸ் ஹோட்டல். மாலை வெயில் அதன் முகத்தில் விழும் (காலையில் அதன் பின்னாலிருந்து சூரியன் வரும், கட்டடம் நிழலாகிவிடும்). வானம் நீலமாகும்போது ஜூபிலி பாலத்துக்கு வந்துவிடுங்கள். முக்காலி இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8, ஷட்டர் 4 முதல் 10 விநாடி, நீர் கண்ணாடியாகிவிடும். முக்காலி இல்லையென்றால் போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து 3 விநாடி டைமர் வையுங்கள். பொத்தானை அழுத்தும் ஆட்டம் அடங்கிவிடும். பாலத்தில் ஆட்கள் ஓடும்போது தளமே அதிரும், அவர்கள் கடந்தபின் எடுங்கள். பிறகு எஸ்பிளனேட் கலையரங்கம் வழியாக 8 மணிக்கு ஹீலிக்ஸ் பாலம். சேண்ட்ஸ் முன்னால் நீர், ஒளிக் காட்சி அப்போது தொடங்கும். 8.45-க்குக் கரையோரப் பூந்தோட்டங்களில் (Gardens by the Bay) பெருமரங்கள் எனப்படும் மரவடிவக் கோபுரங்களின் ஒளியும் இசையும். இரண்டும் இலவசம். பராமரிப்புக்காகச் சில நாள் நிறுத்துவார்கள் என்பதால் கிளம்புமுன் அவர்களுடைய தளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமரங்களை அடியில் மல்லாந்து படுத்து எடுப்பதே நல்ல கோணம். பலரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள்.

மேலிருந்து பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எஸ்பிளனேட்டின் மாடித்தோட்டம், மரீனா அணையின் புல்கூரை இரண்டுமே இலவசம்.

மக்கள் வாழும் இடம்

பெரும்பாலோர் குடியிருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில். அவற்றைப் பார்க்காமல் ஊரைப் பார்த்ததாகாது. தோ பாயோவில் 1979-இல் அமைத்த டிராகன் விளையாட்டுத் திடல் ஒரு நல்ல தொடக்கம். புளோக் எண், மூங்கில் கழியில் காயும் துணி, கீழ்த்தள வெற்றிடத்தில் சதுரங்கம் ஆடும் முதியவர்கள் என எல்லாம் இருக்கும். ஆனால் தாழ்வாரத்தில் நடந்து யார் வீட்டுச் சன்னலுக்குள்ளும் கேமராவைத் திருப்பக் கூடாது. ஜூ சியாட்டில் கூன் செங் ரோட்டின் பெரனாக்கான் (மலாய்ப் பண்பாடு கலந்த சீன வம்சாவளியினர்) வீடுகளிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். படியில் ஏறி நின்று படம் எடுப்பது அவர்களுக்குப் பெரிய தொல்லை.

உணவங்காடி நிலையக் கலாசாரம் 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேசையில் கிடக்கும் ஒரு டிஷ்யூ பாக்கெட்டைப் படம் எடுங்கள்: இடம் பிடித்தாகிவிட்டது என்று அதற்குப் பொருள்.

எடுக்கக் கூடாதவை

குடிநுழைவுச் சோதனைச்சாவடிகளில் கேமராவை எடுக்கவே கூடாது. விமான நிலையத்திலும் மலேசிய எல்லையான உட்லண்ட்ஸிலும் கடப்பிதழ் சோதிக்கும் இடத்தில் செல்ஃபி எடுத்தால் அதிகாரி படத்தை அழிக்கச் சொல்வார். பாதுகாக்கப்பட்ட இடம் என்ற பலகையைத் தமிழிலும் வைத்திருப்பார்கள். அதைக் கண்டால் போனைப் பையில் போடுங்கள். ஜூரோங் தீவு முழுவதும் அப்படிப்பட்ட பகுதி. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் நிறுவனத்தின் விதியைக் கேட்காமல் எதையும் எடுத்துப் பதிவிடாதீர்கள், வேலை போகும். எம்ஆர்டியில் ஃபிளாஷ் வேண்டாம். ஓட்டுநரின் கண்ணில் படும்.

ட்ரோன் 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளோ 200 அடிக்கு மேலோ பறக்கவிட அனுமதி வேண்டும். ஊர் சிறியது, தளங்கள் பல. அனுமதி தேவையில்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றைப் பலர் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். வேலை அனுமதியில் வந்தவர், அதில் குறிப்பிட்ட முதலாளிக்கும் வேலைக்கும் மட்டுமே கட்டுப்பட்டவர். வார இறுதியில் நண்பர் வீட்டுக் கல்யாணத்தைக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்தால் அது சட்டவிரோத வேலை.

தைப்பூசமும் தீமிதியும்

தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் ரோட்டு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுத் தண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் நடக்கும். வேல் குத்தும் நேரத்தில் முகத்துக்கு அருகே ஃபிளாஷ் அடிக்காதீர்கள். பாதையின் நடுப்பகுதியில், தடுப்புக்கு வெளியே, காலை 8 மணிக்கு நின்றால் கூட்டம் குறைவு, வெளிச்சம் பக்கவாட்டில் வரும். தீமிதி தீபாவளிக்கு முன்பு மாரியம்மன் கோயிலில் நடக்கும். இரவு என்பதால் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/250-க்குக் குறையாமல் வையுங்கள். இல்லையென்றால் ஓடும் கால்கள் கோடாகிவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

கேமராப் பையிலேயே லென்ஸை விட்டுவைத்தால் சில மாதங்களில் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை பிடிக்கும், சுத்தம் செய்யும் செலவு சில நேரம் லென்ஸின் விலைக்கே வந்துவிடும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கும் ட்ரை கேபினட் வாங்குங்கள். தங்குவிடுதியில் இடமில்லையென்றால் ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டு டப்பா, அதில் நிறம் மாறும் சிலிகா ஜெல், ஒரு சிறு ஈரமானி. 40-க்குக் கீழே போனாலும் ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும் என்பதால் ஜெல்லை அளவாகப் போடுங்கள். நிறம் மாறியதும் புதிது மாற்றுங்கள்.