எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதோடு நின்றுவிட வேண்டாம்: தொண்டு அமைப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், கொஞ்சம் உள்ளே போனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று எங்கே போனாலும் தமிழர்கள் நடத்தும் ஏதாவது ஒரு தொண்டு அமைப்பைப் பார்க்கலாம். கோயிலை ஒட்டி அன்னதானம், நடமாட முடியாத முதியோருக்கு வீட்டுக்கே சாப்பாடு, மாதந்தோறும் ஹேம்பர் என்னும் மளிகைப் பொட்டலம், சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன். பென்ஷன் வாங்கிய பிறகும் ஓயாமல் உழைக்கிற சிலர் இல்லாவிட்டால் இவற்றில் பாதி நின்றுபோகும்.

இந்த அமைப்புகளின் கமிட்டிகளில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு செயல்திறன் மேலாண்மை, அதாவது வேலை எப்படி நடக்கிறது என்று அளந்து பார்த்துத் திருத்திக்கொள்வது. கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கமிட்டிக்கு வருவார். நல்ல மனதோடு ஓர் எக்ஸெல் படிவத்தைத் தயார் செய்து கொடுப்பார். முதல் வருஷம் எல்லோரும் நிரப்புவார்கள். இரண்டாம் வருஷம் செயலாளர் மட்டும் நிரப்புவார். மூன்றாம் வருஷம் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. அப்புறம், "இதெல்லாம் கம்பெனிக்குத்தான், நமக்கு ஒத்துவராது" என்று முடித்துவிடுவார்கள்.

நமக்கும் ஒத்துவரும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அளந்ததில் பெரிய பிழை இருப்பதில்லை. அளந்ததைப் பார்த்து யாரும் எதையும் மாற்றாமல் விடுவதுதான் பிழை. ஒரு கணக்கை எடுக்கத் தொடங்கும் முன்பே, "இது கூடினால் என்ன செய்வோம், குறைந்தால் என்ன செய்வோம்?" என்று கமிட்டியில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்தக் கணக்கு வேண்டாம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

அறிக்கைக்காக மட்டும் அளப்பது

தென்னாப்பிரிக்காவில் 1997-ஆம் ஆண்டின் இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்த அமைப்பு, நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு நடவடிக்கை அறிக்கையும் கணக்கு அறிக்கையும் அனுப்பியாக வேண்டும். அனுப்பாமல் விட்டால் பதிவே போகலாம். நன்கொடையாளருக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்கும் அமைப்பென்றால் வருமானவரித் துறைக்கும் பதில் சொல்ல வேண்டும். தேசிய லாட்டரி ஆணையத்திடம் பணம் வாங்கியிருந்தால் அவர்கள் கேட்கும் முன்னேற்ற அறிக்கை தனி.

இவை எல்லாம் வேண்டியவைதான். பொதுப்பணத்தைக் கையாளுகிறவர் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் இந்த அறிக்கைகள் முடிந்துபோன வருஷத்தைப் பற்றிப் பேசுகின்றன. போன வருஷம் ஜூன் மாதம் ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்று அடுத்த நவம்பரில் எழுதி யாருக்குப் பயன்? அந்தப் பிள்ளைகள் அதற்குள் மெட்ரிக் எழுதி முடித்திருப்பார்கள். ஜூலையிலேயே தெரிந்திருந்தால் நான்கு வீடுகளுக்குப் போன் செய்திருக்கலாம். டாக்ஸிக் காசு இல்லாததால் வரவில்லையா, பாடம் புரியாததால் வரவில்லையா என்றாவது தெரிந்திருக்கும். செயல்திறன் மேலாண்மையின் வேலை இந்த ஜூலை போன்தான். அரசுக்குப் போகும் அறிக்கையை இதிலிருந்து எளிதாக எழுதிவிடலாம். அறிக்கையை மட்டும் மனதில் வைத்துக் கணக்கெடுத்தால் இந்தப் போன் ஒருநாளும் நடக்காது.

எண்ணுவதற்கு எளிதானதை மட்டும் எண்ணுவது

இதுதான் நம்மிடம் ஆழமாக வேரோடிய தவறு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் அமைப்பு மாதம் முந்நூறு ஹேம்பர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, டின் மீன். வருஷம் முடிந்ததும், "3,600 ஹேம்பர் வழங்கினோம்" என்று ஆண்டு அறிக்கையில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அடுத்த வருஷம் 4,000 என்றால் கைதட்டல். ஆனால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? பசித்தவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாமே.

அந்த முந்நூறு வீடுகளில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள். இரண்டு வருஷமாக ஹேம்பர் போகிறது. ஒரு பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் குழந்தை உதவித்தொகைக்கான மனு எங்கோ தேங்கிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் அந்தத் தொகை மாதம் 560 ரேண்ட் ஆனது. உள்துறை அலுவலகத்துக்கு ஒரு நாள், உதவித்தொகை வழங்கும் அரசு நிறுவனமான சாசாவின் அலுவலகத்துக்கு இன்னொரு நாள் பாட்டியோடு யாராவது கூடப் போயிருந்தால், பிள்ளை பதினெட்டு வயதைத் தொடும்வரை அந்தப் பணம் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். நம் ஹேம்பரைவிட அது பெரிய உதவி. ஆனால் நம் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம் கூட இல்லை. அதனால் யாரும் கேட்பதில்லை, யாரும் கூடப் போவதும் இல்லை.

ஹேம்பர் எண்ணிக்கையோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துப் பாருங்கள். இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய அரசு உதவி எது இன்னும் வரவில்லை? இந்த மாதம் எத்தனை குடும்பங்களுக்கு அது வரத் தொடங்கியது? இந்த இரண்டைக் கேட்டாலே தன்னார்வலர்கள் நாளைச் செலவிடும் விதம் மாறும். பொட்டலம் கட்ட இருபது பேர் இருக்கும் இடத்தில், அலுவலகங்களுக்குக் கூடப் போக மூன்று பேரை ஒதுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அளப்பதன் பயன் அந்தப் பேச்சு எழுவதில் இருக்கிறது.

தமிழ் வகுப்பும் அப்படித்தான். பதிவேட்டில் நாற்பது பெயர், வருகை நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் இங்கே நம் பிள்ளைகள் பலர் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பாடுவதும் நல்லதுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எழுதப் படிக்கக் கற்றுத்தருவதுதான் வகுப்பின் நோக்கமென்றால், ஆங்கில எழுத்தின் துணை இல்லாமல் நான்கு வரியைத் தமிழில் வாசிக்கும் பிள்ளைகள் ஜனவரியில் எத்தனை, ஜூனில் எத்தனை, நவம்பரில் எத்தனை என்று பாருங்கள். ஆசிரியருக்கே அது உதவும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் உண்டு. சிலர், "நாங்கள் சாட்ஸ்வர்த்தில் வறுமையை எவ்வளவு குறைத்தோம் என்று அளக்கப்போகிறோம்" என்று கிளம்புவார்கள். ஒரு சிறு அமைப்பால் அதை நிரூபிக்க முடியாது. வேலை இருக்கிறதா, விலைவாசி என்ன, அரசு என்ன செய்தது என்று நூறு காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. நம் கைக்கு எட்டும் மாற்றம் எதுவோ அதை அளந்தால் போதும்.

இலக்கை எட்டுவதற்காக வேலையை வளைப்பது

பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்று எல்லாத் துறைகளிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மக்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், அந்த எண் அதுவரை காட்டிவந்த உண்மையைக் காட்டாமல் போய்விடும் என்பது அதன் சாரம். முதியோரைப் பார்க்கப் போகும் ஒரு தன்னார்வலருக்கு வாரம் பதினைந்து வீடு என்று இலக்கு வைத்தால் என்ன ஆகும்? வாசலில் நின்று, "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிற வீடுகள் கூடும். கையைப் பிடித்து உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசும் தாத்தாவின் வீடு மெல்ல விடுபடும். அவருக்குத்தான் நாம் அதிகம் தேவை.

அதனால் எண்ணிக்கையைத் தனியாக விடாதீர்கள். பக்கத்திலேயே தரத்தைக் காட்டும் ஒன்றையும் வையுங்கள். மருந்து தீர்ந்துபோனது, கீழே விழுந்தது, சாப்பாடு இறங்காதது போன்ற பிரச்சினைகளில் எத்தனையை இந்த வாரம் கண்டுபிடித்தோம், அடுத்த வாரத்துக்குள் எத்தனைக்கு வழி செய்தோம் என்று பார்க்கலாம்.

அளவுகோல்கள் அளவுக்கு மீறிப் போவதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு திட்டத்துக்கு மூன்று போதும். முப்பது வைத்தால் ஒன்றையும் யாரும் பார்க்கமாட்டார்கள். மென்பொருளும் முதலில் வேண்டாம். ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஆறு மாதம் ஒழுங்காக எழுத முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

மரியாதை என்ற பெயரில் பேசாமல் இருப்பது

திட்டங்களை அளப்பது எளிது. மனிதர்களிடம் பேசுவதுதான் கடினம்.

நம் சமையலறையை இருபது வருஷமாக ஓர் ஆன்ட்டி பார்த்துக்கொள்கிறார். இப்போது சாப்பாடு தாமதமாகப் போகிறது, புதிதாக வரும் பிள்ளைகளை அவர் அதட்டுவதால் அவர்கள் நிற்பதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் அவரிடம் சொல்லமாட்டார்கள். பின்னால் பேசுவார்கள். ஒருநாள் கமிட்டிக் கூட்டத்தில், பத்துப் பேர் முன்னால், யாராவது வெடித்துவிடுவார்கள். ஆன்ட்டி அழுதுகொண்டே போய்விடுவார். அவரோடு அவர் குடும்பமும் போகும், அவர் வழியாக வந்த நன்கொடையும் போகும். இருபது வருஷ உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை இதுவா?

கம்பெனியில் இருந்து ஐந்து மதிப்பெண் போடும் அப்ரைசல் படிவத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பதும் இதே அளவு தவறு. அவர் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. அவருக்கு வேண்டியது அவர் மதிக்கும் ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்து பேசுவது. "அக்கா, இந்த மாதம் மூன்று நாள் சாப்பாடு ஒரு மணிக்கு மேலே போயிருக்கிறது. சர்க்கரை நோய்க்காரர்கள் காத்திருக்கிறார்கள். என்ன செய்தால் உங்களுக்கு எளிதாக இருக்கும்?" நாள், நேரம், யாருக்குப் பாதிப்பு, அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி என்று நான்கும் இதில் இருக்கின்றன. அவர் குணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதில் பெரும்பாலும் நாம் நினைக்காத இடத்திலிருந்து வரும்: காய்கறி வண்டி தாமதமாக வருகிறது, முழங்கால் வலிக்கிறது, பெரிய அண்டாவைத் தூக்க ஆள் இல்லை. தொடக்கத்திலேயே ஒவ்வொரு பொறுப்புக்கும் என்ன வேலை, யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தால் இந்தப் பேச்சு இன்னும் எளிதாகும்.

சம்பளம் வாங்கும் ஊழியர் விஷயம் வேறு. வேலை சரியில்லை என்று திடீரென நிறுத்த முடியாது. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் தொண்டு அமைப்புகளுக்கும் பொருந்தும். எதிர்பார்ப்பு என்ன என்று ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், குறையைச் சொல்லி வழிகாட்ட வேண்டும், திருந்த நியாயமான கால அவகாசம் தர வேண்டும். இவை நடந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாமல் நீக்கினால், அவர் முப்பது நாளுக்குள் சிசிஎம்ஏ என்ற சமரச ஆணையத்துக்குப் போகலாம். அங்கே, "நாங்கள் நல்ல காரியம் செய்கிறவர்கள்" என்ற பதில் செல்லாது.

கமிட்டியையும் விட்டுவிடக் கூடாது. ஊழியரையும் தன்னார்வலரையும் மதிப்பிடும் கமிட்டி தன்னை மதிப்பிட்டுக்கொள்வது அரிது. 2016-இல் வெளியான கிங் 4 நிர்வாக நெறிமுறை, நிர்வாகக் குழுவின் செயல்பாட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முறைப்படி மதிப்பிடச் சொன்னது. தொண்டு அமைப்புகளுக்கென்றே அதில் தனிப் பகுதி இருந்தது. எடுத்த முடிவுகளில் எத்தனை நிறைவேறின என்று பழைய கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

உதவி பெறுகிறவரின் மானம்

ஆதாரம் வேண்டும் என்று, ஹேம்பர் வாங்குகிறவரை நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அடையாள எண், வீட்டு முகவரி, நோய் விவரம் எல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில் பத்துப் பேர் போனில் சுற்றுகின்றன. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. உடல்நலம், பிள்ளைகள் பற்றிய தகவலுக்கு அதில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. பயன்படுத்தாத தகவலைச் சேகரிக்காதீர்கள், சேகரித்ததை இரண்டு பேருக்கு மேல் திறந்து வைக்காதீர்கள்.

வருஷத் தொடக்கத்தில் போட்ட திட்டத்தையே பிடித்துக்கொள்வது

2021 ஜூலைக் கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் நாம் பார்த்துவிட்டோம். வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அந்த நேரத்தில் ட்யூஷனை நிறுத்திவிட்டுத் தண்ணீர் சுமந்த குழு, இலக்கைத் தவறவிட்ட குழு ஆகாது. ஏன் மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். நல்ல கொடையாளர் புரிந்துகொள்வார்.

எங்கே தொடங்கலாம்

ஒரே ஒரு திட்டத்தை எடுங்கள். மூன்று கேள்விகளை வேலை செய்கிறவர்களோடும், முடிந்தால் உதவி பெறும் இரண்டு மூன்று பேரோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மாதக் கூட்டத்தில் வரவுசெலவுக்கும் திருவிழா ஏற்பாட்டுக்கும் முன்னால் இதற்கு இருபது நிமிடம் கொடுங்கள். கடைசியில் வைத்தால் காவடி ஏற்பாட்டுப் பேச்சு அதை விழுங்கிவிடும். அந்த இருபது நிமிடத்தின் முடிவில் என்ன மாற்றப்போகிறோம், யார் செய்வார், எந்தத் தேதிக்குள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த வரியிலிருந்து தொடங்குங்கள். பிப்ரவரியில் நிதியாண்டு முடிகிறவர்கள் நவம்பர் இறுதிக்குள் அரசு அறிக்கையை அனுப்ப வேண்டும். அதை எழுத உட்காரும் செயலாளர் கையில் அப்போது பன்னிரண்டு மாதக் குறிப்பு இருக்கும்.