வாடைக்காற்றில் வாக்கிங்: ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு செய்முறை

ராமநாதபுரத்தில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பாம்பனில் மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான். ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மண்டபம் வடகடல் கரையில் வெறும் பனியனோடு ஒருமுறை நின்று பார்த்தால் தெரியும், வாடை என்றால் என்னவென்று.

நான் நின்றேன். அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்து மூன்றாவது மாதம். எதிர்காற்றில் மணலில் கால் புதையப் புதைய விறுவிறுவென்று நடந்தேன். பத்து நிமிடத்தில் தாடை கனத்தது, பல்வலி வரப்போகிற மாதிரி. அப்புறம் இடது தோள். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிட்டது. அன்றே போய்ச் சொன்னபோது டாக்டர் திட்டினார்: “நடந்தது தப்பில்லை. நடந்த நேரமும் திசையும்தான் தப்பு.”

குளிர்ந்த காற்று பட்டதும் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றத் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. பிரஷர் ஏறுகிறது. பாதி அடைத்த குழாயில் மோட்டார் முக்குகிற மாதிரி இதயம் முக்குகிறது. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்களும் சிலருக்கு அந்த நேரத்தில் இறுகும். போதாததற்கு, குளிர் இல்லாத நாளிலும் காலை வேளையில்தான் மாரடைப்பு அதிகம் வருகிறது. ஆக, நடையை விட வேண்டாம். நடக்கிற முறையை மாற்றினால் போதும்.

முதல் படி: டாக்டரிடம் மூன்று கேள்வி

எத்தனை நிமிடம் நடக்கலாம், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும், நெஞ்சுவலிக்குத் தருகிற சார்பிட்ரேட் மாத்திரையை எப்போது நாக்குக்கடியில் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அண்மையில் அட்டாக் வந்தவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறவர்கள், கால் வீங்கி மூச்சு வாங்குகிறவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும்வரை நடக்கத் தொடங்கவே கூடாது. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெட்கப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். அதுவும் சார்பிட்ரேட்டும் சேர்ந்தால் பிரஷர் தடாலென்று விழும்.

இரண்டாவது: கடிகாரத்தைத் தள்ளி வையுங்கள்

இங்கே மார்கழி, தை மாதங்களில் ஆறரை மணி வாக்கில்தான் சூரியன் எழும்பும். வெயில் கொஞ்சம் உறைத்தபின், ஏழரை மணிக்கு மேல் கிளம்புங்கள். மாலை ஐந்து மணி இன்னும் நல்லது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மாசி முடியும்வரை இந்த நேரம்தான். சாப்பிட்டதும் கிளம்பாதீர்கள், ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். சுகர் இருப்பவர்கள் வெறும் வயிற்றிலும் போகக் கூடாது.

மூன்றாவது: காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுங்கள்

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. மண்டபம், பாம்பன்காரர்களுக்கு இரண்டு கடல். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம் மாதிரி கிடக்கும். நமக்கு அப்போது தென்கடல் பக்கம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் நேர்மாறு. தேவிபட்டினம், தொண்டியில் இருப்பவர்களுக்கு ஒரே கடல்தான், அதுவும் வாடையைப் பார்த்த கடல். அவர்கள் கரையை விட்டுவிட்டு, வீடுகள் மறைக்கிற உள் தெருக்களில் நடக்கலாம். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேல் நடப்பது போட்டோவுக்கு அழகு, இதயத்துக்கு வேண்டாம்.

எதிர்காற்றைத் தவிர்க்கவே முடியாத இடமென்றால், போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி நடந்தால், களைத்து வேர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும்.

பொத பொதவென்ற மணலும் வேண்டாம். கெட்டித் தரையில் நடப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தியை அது பிடுங்கும். தார் ரோடு, இல்லையென்றால் அலை நனைத்துக் கெட்டிப்பட்ட ஓரம். அங்கே கால் மட்டும் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: உடுப்பு

தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய சட்டை இரண்டு மேல். வேர்த்தால் ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டலாம். காதை மூடி ஒரு மப்ளர். காற்று ஊசியாகக் குத்தினால் அதையே மூக்குக்கு மேல் இழுத்துவிடுங்கள், உள்ளே போகிற காற்று சற்று வெதுவெதுப்பாகும். சட்டைப் பையில் செல்போன், பாலித்தீன் கவரில் சுற்றிய சார்பிட்ரேட், பெயரும் மாத்திரை விவரமும் எழுதிய சீட்டு.

ஐந்தாவது: நடை

வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, கை கால்களை அசைத்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் வாரம் பத்து நிமிடம். ஒன்றும் தொந்தரவு இல்லையென்றால் அடுத்த வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டலாம். வேகத்துக்கு ஒரே அளவு: பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. கைக்கடிகாரம் காட்டுகிற நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். மெட்டோப்ரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுத்தால் துடிப்பு அவ்வளவாக ஏறாமலே இருக்கும், உள்ளே இதயம் திணறிக்கொண்டிருக்கும். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் நடையைத் தளர்த்தி முடியுங்கள்.

வழியில் யாராவது “அண்ணே, ஒரு கை கொடுங்க” என்று கரைவலை இழுக்கவோ வள்ளம் தள்ளவோ கூப்பிட்டால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பது, அதுவும் குளிரில், நமக்கு ஆகவே ஆகாது. எனக்கு இதில்தான் சங்கடம். இருபது வருடம் கூடவே இழுத்தவர்கள் கூப்பிடுகிறார்கள்.

வலி வந்தால்

நெஞ்சு இறுக்கம், தாடை, தோள், கை கனப்பது, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குவது, குளிர்ந்த வேர்வை. எது வந்தாலும் அந்த இடத்திலேயே காற்று மறைவாக உட்காருங்கள். உட்கார்ந்தபிறகுதான் மாத்திரை, நின்றுகொண்டு வைத்தால் மயக்கம் வரும். ஐந்து நிமிடத்தில் குறையவில்லையென்றால் 108. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிற வேலையே வேண்டாம். உடனே அடங்கினாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். சுகர் இருப்பவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் வரலாம்.

வீட்டுக்கு வந்ததும் வேர்த்த சட்டையை மாற்றுங்கள். உடனே கிணற்றுத் தண்ணீரைத் தலையில் கொட்டாதீர்கள், குளிர்ந்த நீர் படும் அந்த ஒரு நொடியில் பிரஷர் எகிறும். அரைமணி கழித்து வெந்நீர். மாலை போட்டு விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர்களும், ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆட நினைக்கிறவர்களும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகுகளோடு சேர்த்து நமக்கும் விடுமுறை. அன்றைக்கு வராந்தாவில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை. ஏழு அடி வைத்தால் சுவர் வந்துவிடும், திரும்ப வேண்டியதுதான். என் வீட்டில் பேத்தி எண்ணிக்கொண்டு பின்னாலேயே வருவாள்.