வீட்டில் கட்டட வேலை நடக்கும்போது மனம் தளராமல் இருக்க

முதலில் ஒரு அறையைத் தூசி படாமல் ஒதுக்கிவிடுங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி போதும். மேஸ்திரி வருமுன் நான் அங்கே உட்கார்ந்துதான் பிரார்த்திக்கிறேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கேட்பதில்லை. இன்று யாரிடமும் கத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாமதமெல்லாம் சோம்பல் அல்ல. சிமெண்ட் பூச்சை வழக்கமாக 7 நாளாவது தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும். கான்கிரீட்டின் வலிமையை 28-வது நாளில்தான் கணக்கிடுவார்கள். சரியாகக் காயாத சுவரில் பெயிண்ட் அடித்தால் உரிந்துவிடும். எதுவும் நடக்காததுபோல் தெரியும் நாட்களிலும் சுவர் உள்ளே இறுகிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குப் பெரிய ஆறுதல் இது.

அப்புறம், நாளைக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்று மாலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக ஏதாவது மாற்றத் தோன்றினால், ஒரு இரவு பொறுத்துச் சொல்லுங்கள்.